மாத்திரை தொடங்கிய மறுநாளே சிவப்பு கூடினால்?

கேள்வி: அம்மாவுக்கு 61 வயது. இடது கணுக்காலுக்கு மேலே சிவந்து வீங்கி, தொட்டால் சுடுகிறது. 'செல்லுலைட்டிஸ்' என்று சொல்லி டாக்டர் செபலெக்சின் மாத்திரை கொடுத்தார். மறுநாள் சிவப்பு இரண்டு விரல்கடை மேலே ஏறிவிட்டது. மருந்துக்கடையில், "மாத்திரை கேட்கவில்லை, இதைத் தடவுங்க" என்று ஒரு களிம்பு தந்தார்கள். மாத்திரையை நிறுத்திவிடவா?

பதில்: நிறுத்தாதீர்கள். அந்தக் களிம்பையும் தொடாதீர்கள்.

செல்லுலைட்டிஸ் என்பது தோலுக்கடியில் பரவும் கிருமித் தொற்று. ஆனால் அங்கே இருக்கும் கிருமிகள் சொற்பம்தான். நீங்கள் பார்க்கும் சிவப்பும் சூடும் பெரும்பாலும் உடம்பு செய்கிற வேலை. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போன்ற கிருமியைச் சுற்றி, கூடை முடைந்ததுபோல் ஒரு தடித்த சுவர் உண்டு. மனித உடம்பில் அப்படியொரு சுவர் எந்தச் செல்லிலும் கிடையாது. அதனால் அதன் துணுக்கு பட்டாலே நம் தோல் செல்கள் 'இது அந்நியம்' என்று கண்டுகொள்கின்றன. உடனே ரத்தக்குழாய்கள் விரிகின்றன, நீர் கசிகிறது, வெள்ளை அணுக்கள் வந்து குவிகின்றன.

செபலெக்சின் அந்தச் சுவரைக் கட்டவிடாமல் தடுக்கும் மருந்து. சுவர் பலமிழந்து கிருமி வெடிக்கும்போது துணுக்குகள் சிதறும். கிருமி செத்தாலும் அந்தத் துணுக்குகளைப் பார்த்து உடம்பு பொங்கத்தான் செய்யும். முதல் ஓரிரு நாள் சிவப்பு கூடுவது இதனால்தான். மருந்து தோற்றுவிட்டது என்று அதற்கு அர்த்தமில்லை.

சிவப்பின் ஓரத்தில் பேனாவால் கோடு போட்டு, பக்கத்தில் நேரத்தை எழுதுங்கள். காலைத் தலையணைமேல் உயர்த்தி வையுங்கள். 48 மணி நேரம் கழிந்தும் கோட்டைத் தாண்டி ஏறிக்கொண்டே போனாலோ, குளிர்காய்ச்சல் வந்தாலோ, தோல் கறுத்தாலோ, தாங்க முடியாத வலி என்றாலோ விடியும்வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

களிம்பு விஷயத்துக்கு வருகிறேன். கடையில் கேட்காமலே எடுத்துக் கொடுக்கும் 'எல்லாம் கலந்த' களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் என்று அட்டையில் போட்டிருக்கும், படித்துப் பாருங்கள். அது உடம்பின் எதிர்ப்பைத்தான் அடக்கும், கிருமியை அல்ல. சிவப்பு மங்கியதும் குணமாகிவிட்டது என்று மாத்திரையை விட்டுவிடுவார்கள். பத்து நாளில் கால் இருமடங்கு வீங்கி என்னிடம் வருவார்கள். இத்தகைய களிம்புகளைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று 2018-லேயே விதியைக் கடுமையாக்கினார்கள். யார் போய்ப் பார்க்கிறார்கள்? வாரம் தவறாமல் இந்தக் கால்களைப் பார்த்துச் சலித்துப்போனேன். 'ஒரே ஊசியில் வீக்கம் வற்றும்' என்பவர்களிடமும் போகாதீர்கள். பெரும்பாலும் அதுவும் ஸ்டீராய்டுதான்.

அம்மாவுக்குச் சர்க்கரை உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் மேலே சொன்ன 48 மணிக் கணக்கு அவருக்குப் பொருந்தாது. வெள்ளை அணுக்கள் மந்தமாக வேலை செய்யும், பாத நரம்பு மரத்திருக்கும். உள்ளே தொற்று ஆழமாக இறங்கிக்கொண்டிருக்க, வெளியே லேசான சிவப்பு மட்டும் தெரியும், வலியே இராது. 'வலிக்கலையே' என்று வீட்டில் இருந்தவர்கள் விரலை இழந்திருக்கிறார்கள். சர்க்கரை இருந்தால் இன்றே டாக்டரிடம் காட்டுங்கள். இதுவரை பார்த்ததில்லை என்றால் இன்றே ரத்தம் கொடுத்துப் பாருங்கள்.

கால் விரலிடுக்குகளையும் விரித்துப் பாருங்கள். அங்கே சேற்றுப்புண் வெடிப்பு இருந்தால், கிருமி நுழைந்த வாசல் பெரும்பாலும் அதுதான். அதற்குத் தனியாகப் பூஞ்சை மருந்து வேண்டும். டாக்டரிடம் அதையும் காட்டுங்கள்.