4294967297: ஃபெர்மாவை ஏமாற்றிய எண், வாசகர் கேள்விகள்

ஃபெர்மா மாதிரி பெரிய கணித மேதை இதைப் பகா எண் என்று எப்படி நம்பினார்?

முன்னால் வந்த ஐந்தும் அப்படி. 2-இன் அடுக்காக 1, 2, 4, 8, 16 போட்டு ஒன்றைக் கூட்டினால் 3, 5, 17, 257, 65537, எல்லாமே பகா எண்கள். அடுத்து 32 போட்டால் வருவதுதான் இந்த 429 கோடிச் சொச்சம். 1640 வாக்கில் இந்த வரிசை முழுக்கப் பகா எண்கள்தான் என்று கடிதங்களில் எழுதினார், ஆனால் நிரூபணம் கிடையாது. 1732-இல் கணித மேதை ஆய்லர் 641 × 6700417 என்று உடைத்துப் போட்டார். வேடிக்கை என்னவென்றால், ஃபெர்மாவின் சொந்தச் சோதனையை (ஓர் எண்ணை, சோதிக்கும் எண்ணைவிட ஒன்று குறைந்த அடுக்குக்கு உயர்த்தி, சோதிக்கும் எண்ணால் வகுத்தால் மீதி 1 வர வேண்டும்) 2-ஐ வைத்துச் செய்தால் இந்த எண் பாஸாகிவிடும்: 2³²-ஐ இதனால் வகுத்தால் மீதி −1, வர்க்கப்படுத்தினால் 1, அப்புறம் எத்தனை முறை வர்க்கப்படுத்தினாலும் 1-தான். 3-ஐ வைத்துச் செய்தால் மாட்டிக்கொள்ளும்.

கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் 641-ஐ எப்படிப் பிடித்தார்? குருட்டாம்போக்கா?

இல்லை. ஆய்லர் பிற்பாடு எழுதிய விளக்கப்படி, இதற்குப் பகாக் காரணி இருந்தால் அதை 64-ஆல் வகுக்கும்போது மீதி 1 வந்தாக வேண்டும். அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, 641... ஐந்தாவதிலேயே ஆள் சிக்கிவிட்டது!

பெரிய வகுத்தல் போடாமல் 641-ஐச் சரிபார்க்க முடியுமா?

முடியும், எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது. 641 = 5⁴ + 2⁴ (625 + 16), இதை 2²⁸-ஆல் பெருக்கினால் 5⁴·2²⁸ + 2³², இது 641-ஆல் வகுபடும். இன்னொரு பக்கம் 640 = 5·2⁷, ஆகவே 640⁴ = 5⁴·2²⁸, இதில் ஒன்றைக் கழித்தால் 640⁴ − 1, அதற்கு 640 + 1 ஒரு காரணி. முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழியுங்கள், மிஞ்சுவது 2³² + 1. அவ்வளவுதான், பேனாவே வேண்டாம்.

65536² + 1² என்று இரு வர்க்கங்களின் கூட்டலாக எழுதலாமே, அது பகா எண்ணின் அடையாளம் இல்லையா?

பகா எண்ணுக்கு அப்படி ஒரே ஒரு விதம்தான் இருக்கும். இதற்கு இரண்டு: 62264² + 20449² போட்டுப் பாருங்கள். இரண்டாவது விதம் கிடைத்த உடனேயே பகு எண் என்று சொல்லிவிடலாம், காரணி தெரிய வேண்டியதில்லை.

என் புரோகிராமில் இந்த எண்ணைக் கொடுத்தால் 1 என்று காட்டுகிறது, ஏன்?

32 பிட்டில் அடங்கும் பெரிய எண் 4294967295, அதற்கு மேல் போனால் 0-விலிருந்து திரும்ப ஆரம்பிக்கும். 64 பிட்டுக்கு மாற்றுங்கள், சரியாகிவிடும். அந்த 4294967295-ஐயும் கொஞ்சம் பாருங்கள்: 3 × 5 × 17 × 257 × 65537, மேலே சொன்ன அதே ஐந்து பேர். இந்த வகைப் பகா எண்களை ஒவ்வொன்றையும் ஒருமுறை மட்டும் பெருக்கி வந்த எண் என்பதால், அத்தனை பக்கங்கள் கொண்ட ஒழுங்குப் பலகோணத்தை அளவுகோலும் கவராயமும் மட்டும் வைத்து வரைய முடியும் (காகிதம் கிடைத்தால்). 4294967297 பக்கங்களுக்கு முடியாது.

இந்த வரிசையில் வரும் பகா எண்களை ஃபெர்மா பகா எண்கள் என்கிறார்கள்; ஆறாவது ஒன்று உண்டா?

இதுவரை ஒன்றும் சிக்கவில்லை. இந்த வரிசையில் 65537-க்கு அடுத்து வரும் 28 எண்களும் பகு எண்கள் என்று தெரிந்துவிட்டது.