ரேடியோவில் தடை செய்த பாட்டைத் திருவிழாவில் போடலாமா?

கேள்வி: குடியாத்தத்தில் மைக் செட் வைத்திருக்கிறேன். தாத்தா காலத்து இசைத்தட்டுப் பாட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவிலும் கல்யாண ஊர்வலங்களிலும் போடுகிறேன். அவற்றில் சில ஒரு காலத்தில் ரேடியோவில் தடை செய்யப்பட்டவையாம். போட்டால் போலீஸ் செட்டையே தூக்கிக்கொண்டு போகும், 8,000 ரூபாய் கொடுத்தால் 'தடை நீக்கச் சான்று' வாங்கித் தருகிறேன் என்கிறார் ஒருவர். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். அப்படி ஒரு சான்றே கிடையாது.

ரேடியோவில் தடை என்றால், அந்தப் பாட்டைத் தன் நிலையங்களில் போடுவதில்லை என்று வானொலி எடுத்த முடிவு, அவ்வளவுதான். ஊரில் யாரும் போடக் கூடாது என்ற சட்டம் அல்ல. 1952இல் கேஸ்கர் தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சராக வந்ததும் அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டை ஓரங்கட்டியது, தயாரிப்பாளர்களோடு உரிமத் தகராறும் சேர்ந்துகொள்ள பாட்டே நின்றுபோனது. அதே பாட்டுகள் தியேட்டரில் ஓடின, இசைத்தட்டாக விற்றன, நம் ஜனங்கள் ரேடியோ முள்ளை இலங்கைப் பக்கம் திருப்பிக் கேட்டார்கள். கடைசியில் 1957 அக்டோபரில் விவித பாரதியைத் தொடங்கி வானொலியே வழிக்கு வந்தது. ஆர்மோனியத்தைக்கூட 1940 முதல் ஏறத்தாழ 30 ஆண்டுகள் உள்ளே விடவில்லை, பஜனை மடங்களில் அது ஒரு நாளும் நிற்கவில்லை. எமர்ஜென்சியில், அரசோடு ஒத்துழைக்கவில்லை என்று கிஷோர் குமார் பாட்டுகளை 1976இல் நிறுத்தினார்கள், எமர்ஜென்சி போனதும் அந்தத் தடையும் போயிற்று.

எந்தப் பாட்டு எந்தத் தேதியில் யார் கையெழுத்தில் நின்றது என்று சாதாரண ஆள் பார்க்கிற மாதிரி ஒரு பட்டியலை அன்றே வெளியிட்டிருந்தால் இந்தப் புரோக்கர்கள் பிழைக்கவே முடியாது. மூடி மறைக்கிற வழக்கம்தான் இவர்களுக்குச் சோறு போடுகிறது.

சரி, நீங்கள் கவலைப்பட வேண்டியது பதிப்புரிமை. இசைத்தட்டுப் பதிவுக்கு, அது வெளியான ஆண்டு முடிந்து 60 ஆண்டுகள் உரிமை உண்டு. பாட்டெழுதியவர், இசையமைத்தவர் உரிமை தனி, அவர்கள் மறைந்த பிறகும் 60 ஆண்டுகள். பட்டுக்கோட்டையார் மறைந்தது 1959, கண்ணதாசன் 1981, கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளலாம். ஆகவே தட்டு பழசு என்பதால் மட்டும் எல்லாம் இலவசமாகிவிடாது.

ஆனால் உங்கள் தொழிலுக்கு ஒரு பெரிய விலக்கு இருக்கிறது, இதை நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள். பதிப்புரிமைச் சட்டம் 52ஆவது பிரிவின்படி, உண்மையான மதச் சடங்கில் பாட்டுப் போடுவது உரிமை மீறல் ஆகாது. கல்யாண ஊர்வலமும் கல்யாணத்தை ஒட்டிய கொண்டாட்டங்களும் அதற்குள் வரும் என்று சட்டத்திலேயே விளக்கம் எழுதியிருக்கிறார்கள். இதையே 2023 ஜூலையில் மத்திய அரசின் தொழில் துறையும் ஓர் அறிவிப்பாகச் சொன்னது. அம்மன் சிரசு ஊர்வலம் போகும்போது நீங்கள் போடும் பாட்டு, மாப்பிள்ளை அழைப்பில் போடும் பாட்டு, இரண்டுக்கும் இதைக் காட்டிப் பேசலாம். அதே திருவிழாவில் டிக்கெட் போட்டுக் கச்சேரி வைத்தால் அது வேறு, அதற்கு இந்த விலக்கைக் காட்டாதீர்கள்.

ஆம்பூர், வாணியம்பாடி மண்டபங்களில் இதே ஆட்கள் 'மியூசிக் லைசென்ஸ்' என்று வேறு கதையோடு வருகிறார்கள். நான் பார்த்த ஒரு ரசீதில் சிங்கமுக முத்திரை இருந்தது, பாட்டின் பெயர் இல்லை, உரிமையாளர் பெயர் இல்லை, முகவரிக்குப் பதில் ஒரு செல் நம்பர். யார் வந்து கேட்டாலும், "எந்தப் பாட்டு, யாருடைய உரிமை, அவர் கையெழுத்திட்டு எழுதிக் கொடுத்த பத்திரம் எங்கே?" என்று கேளுங்கள். பதிப்புரிமையைக் கைமாற்ற எழுத்து வேண்டும், வாய்ப்பேச்சு செல்லாது. பாட்டெழுதுவோர், இசையமைப்பாளர்கள் உரிமைக்காகப் பதிவு பெற்ற சங்கமான ஐ.பி.ஆர்.எஸ். பெயரைச் சொன்னால், ஆளிடம் பணம் தராமல் நேராக அந்தச் சங்கத்திடமே விசாரியுங்கள்.

போலீஸ் உங்களிடம் பெரும்பாலும் கேட்கப்போவது ஒலிபெருக்கி அனுமதியைத்தான். அதை முன்கூட்டியே எழுதி வாங்குங்கள், இரவு 10 மணிக்கு நிறுத்துங்கள், கூம்பு ஸ்பீக்கரைக் கட்டாதீர்கள். செட் போவது பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றால்தான், பழைய ரேடியோ தடையால் அல்ல.

அப்புறம், அந்த ஆளுக்கு ஏற்கெனவே ஜி-பேயில் முன்பணம் அனுப்பியிருந்தால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்குப் போன் செய்யுங்கள். ரொக்கமாகக் கொடுத்திருந்தால் அவர் தந்த ரசீதைக் கிழித்துப் போடாமல் வைத்துக்கொண்டு காவல் நிலையத்தில் புகார் எழுதிக் கொடுங்கள்.