வாசகர் கேள்வி: மலை ஏரியில் மாடல் படகின் வேகம்

ரேடியோவால் இயக்கப்படும் மின்சார மாடல் படகுகளின் வேகச் சாதனைப் போட்டிகளைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு சிறு குறிப்பு எழுதியிருந்தோம். அதற்கு நீலகிரியிலிருந்தும் பழனி மலையிலிருந்தும் எதிர்பார்த்ததைவிட அதிகமான கடிதங்கள் வந்துள்ளமையால், இந்த இதழின் பக்கங்களை முழுவதும் அவற்றுக்கே ஒதுக்கிவிட்டோம்.

கேள்வி: நானும் என் தம்பியும் சேர்ந்து கட்டிய படகை எங்கள் தோட்டத்துத் தடுப்பணையில் ஓட்டினோம். உள்ளே வைத்திருந்த ஜிபிஎஸ் கருவியில் உச்ச வேகம் மணிக்கு 131 கி.மீ. என்று பதிவாகியிருக்கிறது. 6 செல் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி, 1800 கே.வி. மோட்டார், 40 மி.மீ. ப்ரொப்பெல்லர், பிட்ச் 1.4. திரும்பி வரும்போது படகு ஒருமுறை துள்ளிப் புரண்டுவிட்டது. இதைச் சாதனை என்று சொல்லிக்கொள்ளலாமா?
– வாசகர், கோத்தகிரி

பதில்: வீட்டுக்குள் தாராளமாகச் சொல்லிக்கொள்ளலாம். வெளியில் சொல்வதற்கு முன் உங்கள் கடிதத்தில் உள்ள எண்களையே ஒருமுறை பெருக்கிப் பார்ப்போம். கே.வி. என்பது ஒரு வோல்ட்டுக்கு மோட்டார் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுழலும் என்பதைக் குறிக்கிறது. 6 செல் பேட்டரியின் வழக்கமான மின்னழுத்தம் 22.2 வோல்ட், அதை 1800-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 40,000 சுற்று. 40 மி.மீ. ப்ரொப்பெல்லரின் பிட்ச் 1.4 என்றால், ஒரு சுற்றுக்கு அது தன் விட்டத்தைப் போல 1.4 மடங்கு, அதாவது 56 மி.மீ. முன்னேற வேண்டும். இரண்டையும் பெருக்கினால் மணிக்கு 134 கி.மீ. வருகிறது. இது ப்ரொப்பெல்லர் மரத்தில் திருகாணி இறங்குவதைப் போல நீரில் கொஞ்சமும் நழுவாமல் சென்றால் மட்டுமே கிடைக்கும் வேகம். நீரில் நழுவல் இல்லாமல் எந்தப் படகும் ஓடுவதில்லை. போதாததற்கு, முழு வேகத்தில் பேட்டரியின் மின்னழுத்தமும் இறங்கும். இந்த அமைப்பில் 105-க்கும் 115-க்கும் இடையே ஒரு வேகம் கிடைத்திருந்தால் அதை நான் மறுபேச்சின்றி நம்பியிருப்பேன். 131 என்ற எண் எங்கிருந்து வந்தது என்பதற்கான விடை உங்கள் கடிதத்தின் கடைசி வரியிலேயே இருக்கிறது என்று தோன்றுகிறது. படகு புரளும்போது ஜிபிஎஸ் கருவியின் ஆண்டெனா ஒரு கணம் வானத்தை இழந்து தவறான வேகத்தைப் பதிவு செய்வது வெகு சாதாரணம். பதிவை வரைபடமாகத் திறந்து பாருங்கள்: 131 ஊசிமுனைபோல ஒரே ஒரு புள்ளியில் நின்றால் அது புரண்டதன் பதிவு, சில விநாடிகள் மேடைபோல நீடித்திருந்தால் நான் என் சந்தேகத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

போட்டிகளில் உச்ச வேகத்துக்கு மதிப்பில்லை என்பதே இங்கு முதன்மையாகச் சொல்ல வேண்டியது. வட அமெரிக்காவில் நாம்பா, இம்ப்பா என்று சுருக்கமாக அழைக்கப்படும் இரண்டு சங்கங்களின் நேர்கோட்டுச் சாதனைப் பிரிவில், 330 அடி, அதாவது ஒரு மைலில் பதினாறில் ஒரு பங்கு அளந்து குறிக்கப்படுகிறது. நம் கணக்கில் அது 100 மீட்டரைவிட அரை மீட்டர்தான் கூடுதல். படகு வேகமெடுத்துக்கொண்டே அந்தத் தூரத்துக்குள் நுழைந்து வெளியேற வேண்டும். பிறகு எதிர்த்திசையில் அதையே திரும்பச் செய்ய வேண்டும். இரண்டின் சராசரிதான் கணக்கில் ஏறும். படகின் உடல் வகை, பேட்டரியின் மின்னழுத்தம் ஆகியவற்றைக் கொண்டு பிரிவுகள் வகுக்கப்படுகின்றன. எனவே ஒற்றை உடல் கொண்ட மோனோ, இரட்டை உடல் கொண்ட கேட்டமரானுடன் மோதுவதில்லை. (அந்தப் பெயர் நம்முடைய கட்டுமரம்தான், கடல் கடந்து போய் வேறு சட்டை போட்டுக்கொண்டு திரும்பியிருக்கிறது.) ஐரோப்பாவில் 1959-இல் தொடங்கப்பட்ட நாவிகா அமைப்பின் எஃப்1 பிரிவிலோ நேர்கோடு கிடையாது, 30 மீட்டர் பக்கங்கள் கொண்ட முக்கோணத்தைச் சுற்றி வர வேண்டும். அங்கே வேகத்தோடு திருப்பும் திறமையும் சேர்ந்து அளக்கப்படுகிறது.

இருதிசை ஓட்டம் ஏன் என்பதைக் காற்று விளக்கும். படகு மணிக்கு 130 கி.மீ. வேகத்தில் செல்லும்போது 10 கி.மீ. காற்று பின்னாலிருந்து வீசினால் படகு உணரும் காற்று 120. எதிரே வீசினால் 140. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்வதால், இந்த இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். ஒரு திசையில் மட்டும் ஓட்டி அளந்தால் பரிசைக் காற்றுக்குத்தான் கொடுக்க வேண்டும்.

நீங்களே அளந்து பார்க்க விரும்பினால் கைக்கடிகாரம் உதவாது. 131 கி.மீ. வேகத்தில் அந்த 330 அடியைக் கடக்க 2.76 விநாடிதான் ஆகும். விரல் பத்தில் ஒரு விநாடி பிந்தினாலோ முந்தினாலோ விடையில் 5 கி.மீ. தவறிவிடும். கோத்தகிரிப் பக்கத்துத் தோட்டக் குளம் ஒன்றில் நண்பர்களுக்காக ஒருமுறை ஸ்டாப்வாட்ச் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரே ஓட்டத்துக்கு மூன்று பேரிடம் மூன்று வேகங்கள் இருந்தன, ஒவ்வொருவரும் தம்முடையதுதான் சரி என்று தேநீர் ஆறும்வரை வாதிட்டோம். பிறகு தொடக்கக் கோட்டுக்கும் முடிவுக் கோட்டுக்கும் இக்கரையில் ஒன்றும் அக்கரையில் ஒன்றுமாக இரண்டிரண்டு மூங்கில்களை நட்டோம். இரண்டு மூங்கில்களும் கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இடத்தில் கைப்பேசியை நிறுத்தி, விநாடிக்கு 240 படம் எடுக்கும் வேகத்தில் பதிவு செய்தோம். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே படகு 15 செ.மீ.தான் நகர்கிறது என்பதால் தகராறுக்கு இடமில்லாமல் போயிற்று. இரண்டு கைப்பேசிகளையும் ஒத்திசைக்க, ஓட்டத்துக்குச் சற்று முன் இரண்டுக்கும் தெரியும்படி ஒரு டார்ச்சை மின்னவைத்தால் போதும்.

கேள்வி: மலையேறும்போது பேருந்தின் என்ஜினே மூச்சு வாங்குகிறது. உதகை போன்ற உயரத்தில் மாடல் படகின் வேகமும் குறையுமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், உதகமண்டலம்

பதில்: எரிபொருளில் ஓடும் மாடல் படகு குறையும்; மின்சாரப் படகுக்கு நம் ஊர் சாதகமானது. உதகை 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்குள்ள காற்றின் அடர்த்தி கடற்கரையில் உள்ளதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குதான். என்ஜினுக்குக் கிடைக்கும் ஆக்சிஜனும் அதே அளவில் குறைவதால் அதன் திறனில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். மின்மோட்டாருக்கு ஆக்சிஜன் தேவையில்லை. ஆகவே அதே பேட்டரி அதே திறனைத் தரும்போது, படகை எதிர்த்து நிற்கும் காற்று மட்டும் ஐந்தில் ஒரு பங்கு மெலிந்துவிடுகிறது.

ஆனால் வேகம் ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடும் என்று நினைத்துவிடக் கூடாது. காற்றெதிர்ப்பை வெல்லத் தேவைப்படும் திறன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப உயர்கிறது; எனவே எதிர்ப்பு முழுவதும் காற்றினால்தான் என்று வைத்துக்கொண்டாலும் கூடுதல் வேகம் நூற்றுக்குப் பத்தை எட்டாது. உண்மையில் எதிர்ப்பின் கணிசமான பங்கு நீரிலிருந்து வருகிறது. நீர் உயரத்தைப் பார்த்து மெலிவதில்லை. மேலும், மோட்டாரின் சுற்று மின்னழுத்தத்தால் வரையறுக்கப்பட்டிருப்பதால், மிச்சமாகும் திறனை வேகமாக மாற்ற வேண்டுமானால் பிட்ச் கூடிய ப்ரொப்பெல்லரைப் பொருத்த வேண்டும். சமவெளியில் ஓட்டிய அதே அமைப்பை அப்படியே மேலே கொண்டுவந்தால், வேகம் சற்றே கூடி, மோட்டார் கொஞ்சம் குறைவாகச் சுடும், அவ்வளவுதான்.

கேள்வி: ரேடியோ ரிமோட்டுக்கு உரிமம் வாங்க வேண்டுமா?
– வாசகர், கூடலூர்

பதில்: இப்போது கடைகளில் கிடைக்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிமோட்டுகளுக்கு நம் நாட்டில் தனி உரிமம் தேவையில்லை. அந்த அலைவரிசையை நீர் உறிஞ்சிக்கொள்ளும் என்பதால், படகிலுள்ள ரிசீவரின் ஆண்டெனா நீர்மட்டத்துக்கு மேலே ஒரு சிறு குழாயில் நிமிர்ந்து நிற்கட்டும்.

கேள்வி: வேகமெடுக்கும்போது படகின் மூக்கு தூக்கிக்கொண்டு பின்புறமாகக் குட்டிக்கரணம் அடிக்கிறது. மோட்டாரின் சக்தி அதிகமாகிவிட்டதா?
– கல்லூரி மாணவர், குன்னூர்

பதில்: சக்தியைவிட எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதையே முதலில் பார்க்க வேண்டும். அதிவேகத்தில் படகு நீரின் மேல் தொட்டும் தொடாமலும் பறக்கிறது; அடிப்பகுதிக்குக் கீழே புகும் காற்று அதை இறக்கையைப் போலத் தூக்குகிறது. மூக்கு சற்று உயர்ந்தால் இன்னும் அதிகக் காற்று புகுகிறது. அதற்குப் பிறகு உங்கள் விரல் ரிமோட்டில் என்ன செய்தாலும் பயனில்லை. மோனோ படகாக இருந்தால், பேட்டரியோடு சேர்த்துப் படகை இரு விரல்களில் ஏந்திப் பாருங்கள். சமநிலைப் புள்ளி, பின்பலகையிலிருந்து நீளத்தில் நூற்றுக்கு 30 என்ற அளவை ஒட்டி இருக்க வேண்டும். அதைவிடப் பின்னால் இருந்தால் பேட்டரியை ஒரு விரற்கடை முன்னே தள்ளி மீண்டும் ஓட்டுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு மாற்றங்களைச் செய்தால் எது பலித்தது என்று தெரியாமல் போகும்.

இன்னொரு காரணமும் உண்டு. முதல் ஓட்டத்தின் அலை அடங்குவதற்கு முன் திரும்பி ஓட்டுகிறீர்களா? மனிதர் ஏறி ஓட்டும் படகுகளிலேயே இது பேசப்பட்ட விஷயம். 1967 ஜனவரி 4 அன்று இங்கிலாந்தின் கோனிஸ்டன் ஏரியில் டொனால்ட் கேம்பெல், தம் புளூபேர்ட் கே7 படகில் முதல் ஓட்டத்தை மணிக்கு ஏறத்தாழ 478 கி.மீ. சராசரியில் முடித்தார். வழக்கம்போல் எரிபொருள் நிரப்பிக்கொண்டு நீர் அடங்கும்வரை காத்திருக்காமல் உடனே திரும்பினார், படகு மூக்கைத் தூக்கி, காற்றில் புரண்டு நீரில் மோதியது, அவர் உயிரிழந்தார். அவருடைய சொந்த அலைதான் காரணமா என்பதில் கருத்து வேறுபாடு இருக்கிறது என்றாலும், திரும்புவதில் அவசரம் காட்டியதை யாரும் மறுப்பதில்லை. பதினொரு ஆண்டுகள் கழித்து, 1978 அக்டோபர் 8 அன்று ஆஸ்திரேலியாவின் புளோவரிங் நீர்த்தேக்கத்தில் கென் வார்பி, வீட்டுக் கொல்லையில் தம் கையாலேயே கட்டிய படகில் 511 கி.மீ. என்ற சாதனையைப் படைத்தார். அதுவும் இருதிசைச் சராசரிதான்.

கேள்வி: மாலையில் நன்றாக ஓடும் படகு, மார்கழிக் காலையில் சோர்ந்துவிடுகிறது. முழுவதும் சார்ஜ் செய்த பேட்டரிதான். கோளாறு எங்கே?
– வாசகர், காந்தல்

பதில்: உறைபனி கொட்டும் இடத்தில் இருந்துகொண்டு இதைக் கேட்கிறீர்கள். லிப்போ பேட்டரி குளிர்ந்தால் அதன் உள்மின்தடை கூடும். வெளியே அளந்தால் ஒரு செல்லுக்கு 4.2 வோல்ட் சரியாகக் காட்டும், ஆனால் மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல் இழுத்ததும் மின்னழுத்தம் சட்டென்று சரியும். புறப்படுவதற்கு முன் பேட்டரியை ஸ்வெட்டருக்குள் வைத்துக்கொள்ளுங்கள். அல்லது வெதுவெதுப்பான நீர் நிரப்பிய பாட்டிலோடு ஒரு பையில் சுற்றி வையுங்கள். கணப்பின் அருகிலோ அடுப்பின் மேலோ ஒருபோதும் வைக்கக் கூடாது. குளிரில் விறைத்த பேட்டரியை அப்படியே சார்ஜ் செய்வதும் உள்ளே நிரந்தரச் சேதத்தை உண்டாக்கும். அறையின் வெப்பநிலைக்கு வந்த பிறகே மின்னிணைப்புக் கொடுங்கள்.

இதோடு என் சொந்த அனுபவத்தில் ஒன்று. குளிர்ந்த ஏரி நீர் மோட்டாரைப் பார்த்துக்கொள்ளும் என்ற அலட்சியத்தில், படகின் பக்கவாட்டுத் துளையிலிருந்து குளிர்விக்கும் நீர் பீய்ச்சுகிறதா என்று ஒருநாள் கவனிக்கத் தவறிவிட்டேன். நீர் எடுக்கும் துளையில் ஆகாயத்தாமரையின் வேர் ஒன்று மயிரிழைபோல் அடைத்திருந்தது. கரைக்கு வந்த படகைத் திறந்தபோது, வேகக் கட்டுப்பாட்டுக் கருவி கருகி, எரிந்த பக்கோடாவைப் போல நாறியது. அந்தக் கருவியின் விலையில் மோட்டாரே ஒன்று வாங்கியிருக்கலாம்.

கேள்வி: பதினைந்து வயதாகும் என் மகன் இந்தப் படகைக் கொடைக்கானல் ஏரியில் ஓட்ட வேண்டும் என்று அடம் பிடிக்கிறான். அனுமதிக்கலாமா, ஐயா?
– ஒரு தாய், கொடைக்கானல்

பதில்: அந்த ஏரியில் வேண்டாம், அம்மா. 1863-இல், மதுரை ஆட்சியராக இருந்த லெவிஞ்ச் அமைத்த அந்த ஏரி நட்சத்திரம்போலக் கிளை விரிந்தது. ஒரு வளைவுக்கு அப்பாலிருந்து எந்த நேரத்தில் ஒரு துடுப்புப் படகோ மிதி படகோ வெளிப்படும் என்று கரையில் நிற்பவருக்குத் தெரியாது. மணிக்கு 108 கி.மீ. வேகத்தில் வரும் மாடல் படகு ஒருவர்மேல் மோதுவது, அதே படகைப் பதினைந்து மாடி உயரத்திலிருந்து அவர்மேல் போடுவதற்குச் சமம். பொழுதுபோக்கு என்ற பெயரில் அதை யாரும் ஏற்க முடியாது.

ஆட்கள் இறங்காத தனியார் தோட்டக் குளம் ஒன்றுக்கு உரிமையாளரின் ஒப்புதலைப் பெறுவதுதான் நல்ல வழி. பேரிஜம் போன்ற வனத்துறை ஏரிகளையும், நீலகிரியில் எமரால்டு, அவலாஞ்சி போன்ற மின் திட்ட நீர்த்தேக்கங்களையும் எழுத்துமூல அனுமதியின்றி நாடக் கூடாது. தொடக்கத்துக்கு 2 அல்லது 3 செல் பேட்டரியில் ஓடும் மோனோ படகு போதும்; நேராக ஓட்டவும், அலையைப் பார்த்து வேகத்தைக் குறைக்கவும் அதிலேயே கற்றுக்கொள்ளலாம். ரிமோட்டின் தொடர்பு அறுந்தால் மோட்டார் தானாக நிற்கும்படி அமைத்திருக்கிறதா என்பதை, படகைக் கையில் பிடித்துக்கொண்டு, கரையிலேயே ரிமோட்டை அணைத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். உடலின் உட்புறத்தில் தெர்மோகோல் துண்டுகள் இருந்தால் கவிழ்ந்தாலும் படகு மூழ்காது.

நடு ஏரியில் படகு நின்றுபோனால் பையன்கள் சட்டையைக் கழற்றிக்கொண்டு நீரில் இறங்கப் பார்ப்பார்கள். அந்தக் குளிர் நல்ல நீச்சல்காரரையும் சில நிமிடங்களில் விறைக்கவைத்துவிடும். படகு வாங்கும் நாளிலேயே ஒரு தூண்டிலும் ஒரு டென்னிஸ் பந்தும் வாங்கிக் கொடுங்கள். தூண்டில் நரம்பின் முனையில் பந்தைக் கட்டிப் படகுக்கு அப்பால் வீசி, நரம்பு படகின்மேல் விழுந்த பிறகு மெல்லச் சுற்றினால், பந்து படகை அணைத்து இழுத்துக்கொண்டு வரும்.