படுக்கைக் கணக்குப் போட ஒரு படிப்பா?

பாலக்கோட்டிலிருந்து கேட்டிருக்கும் அம்மாவுக்கு,

நீட் வேண்டாம், ஸ்டாட்டிஸ்டிக்ஸ் (புள்ளியியல்) படித்து ஆஸ்பத்திரிகளை ஆராயப் போகிறேன் என்று மகள் சொன்னதும் பயந்துவிட்டீர்கள். "ரிஜிஸ்டர் எழுதுற வேலைக்கா இத்தனை படிப்பு?" என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் அதைப் பார்ப்போம்.

100 படுக்கை உள்ள ஆஸ்பத்திரி. எந்நேரமும் 85 நிரம்பியிருக்கிறது. ஒருவர் சராசரியாக 4 நாள் தங்குகிறார். அப்படியானால் 85-ஐ 4-ஆல் வகுத்து, தினமும் சுமார் 21 பேரைச் சேர்க்கலாம். தங்குவது மூன்றரை நாளானால் 24 பேர். ஒரு கட்டில்கூட வாங்காமல் மூன்று பேருக்கு இடம்! ஜான் லிட்டில் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1961-ல் நிரூபித்த விதி இது. பத்தாம் வகுப்புப் பிள்ளையே போட்டுவிடும்.

சிக்கல் அதற்கு அப்புறம்தான். அவசரமாக வீட்டுக்கு அனுப்பியவர் அடுத்த வாரமே காய்ச்சலோடு திரும்பினால், பதிவேட்டில் அவர் புது நோயாளி. ஆஸ்பத்திரி கூடுதலாக உழைத்ததாகக் கணக்கு காட்டும். தர்மபுரி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மாதிரி, சுற்றுவட்டாரத்தின் சிக்கலான கேஸ்கள் வந்து சேரும் இடத்தில் தங்கும் நாள் கூடத்தான் செய்யும். அதைத் தாலுகா ஆஸ்பத்திரியோடு நேருக்கு நேர் வைத்து 'உற்பத்தித்திறன் குறைவு' என்று எழுதினால் அநியாயம். ஒரே அளவு டாக்டர், நர்ஸ், படுக்கை உள்ளவற்றில் எது அதிகம் செய்கிறது என்று ஒப்பிடும் முறை 1978-ல் வந்தது. தற்செயலான ஏற்ற இறக்கத்தையும் உண்மையான திறமைக் குறைவையும் பிரித்துப் பார்க்கும் முறை அதற்கு ஒரு வருடம் முன்பே வந்துவிட்டது. நோயின் கடுமையைச் சேர்க்காவிட்டால் இரண்டுமே தப்பாகச் சொல்லும்.

இன்னொன்று. ஓசூரில் அவசரம் என்றால் பலர் பெங்களூருக்கே போய்விடுகிறார்கள். இங்கே கட்டில் காலியாக இருப்பதைப் பார்த்து 'தேவை இல்லை' என்று சொல்லும் கணக்கு மாடலை, ஊர் தெரிந்தவர்தான் மடக்க முடியும். உங்கள் மகளுக்கு அந்தச் சாதகம் இருக்கிறது.

படிப்பு: பி.எஸ்சி. புள்ளியியல், அதன்பின் எம்.எஸ்சி. உயிர்ப்புள்ளியியல் (மருத்துவத் தரவுகளுக்கான புள்ளியியல்). வேலூர் சி.எம்.சி.யில் அந்தப் பட்டமேற்படிப்பு உண்டு. எம்.எஸ்சி.க்கு ஐ.ஐ.டி.க்குப் போக 'ஜாம்' என்ற நுழைவுத் தேர்வில் கணிதப் புள்ளியியல் தாள் இருக்கிறது. முதல் வருடத்திலேயே 'ஆர்' மென்பொருளைப் பழகட்டும், இலவசம்தான். 'மருத்துவமனை நிர்வாகம்' என்று ஆறு மாத சர்டிபிகேட் விற்கிறவர்களிடம் மட்டும் பணம் கட்டாதீர்கள். அதில் இந்தக் கணக்கு எதுவும் வராது.

வேலையைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன்: பட்டம் வாங்கிய மறுநாளே தர்மபுரியில் நாற்காலி போட்டு வைத்திருக்க மாட்டார்கள். மருத்துவக் கல்லூரிகளின் சமூக மருத்துவத் துறை, ஆராய்ச்சித் திட்டங்கள், பெங்களூரின் மருந்து ஆய்வு, காப்பீட்டு நிறுவனங்கள் என்று தேடத்தான் வேண்டும். அரசு வேலைதான் வேண்டுமென்றால், யு.பி.எஸ்.சி. நடத்தும் இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வு இருக்கிறது. பட்டப்படிப்பில் புள்ளியியல் ஒரு பாடமாக இருந்தாலே எழுதலாம்.

பிளஸ் டூவில் உங்கள் மகள் எந்த குரூப் என்று நீங்கள் எழுதவில்லை. கணிதம் இல்லாத பியூர் சயின்ஸ் என்றால் புள்ளியியலில் இடம் கிடைப்பது கஷ்டம். விண்ணப்பம் போடும் முன் அதைச் சொல்லுங்கள், வேறு வழி பார்ப்போம்.