கேள்வி பதில்: டிரா செய்தது பயத்தினாலா?

கேள்வி: நாகர்கோவிலில் நடந்த சதுரங்கப் போட்டியின் கடைசிச் சுற்றில் என் 12 வயது மகள், தன்னைவிட மூத்த பையனுடன் கறுப்புக் காய்களில் ஆடி 44ஆவது நகர்வில் டிரா செய்தாள். 8ஆவது நகர்விலேயே ராணிகள் வெட்டுப்பட்டுவிட்டன. பஸ் தக்கலை வந்து சேர்வதற்குள், "பயந்து ஆடிவிட்டாய்" என்று சொல்லி உறவினர் ஒருவர் அவளை அழவைத்துவிட்டார். அது உண்மையா ஐயா? நகர்வுத் தாளின் நகல் இணைத்துள்ளேன்.
- ஒரு தாய், தக்கலை

பதில்: அம்மா, தாளைப் பார்த்துப் பலகையில் இரண்டு முறை ஆடிப்பார்த்தேன். உங்கள் மகள் ஆடியது பெர்லின் தடுப்பாட்டம் என்னும், கறுப்புக்கான தொடக்க முறை. பயந்தவர்கள் அதைத் தொடவே மாட்டார்கள். ராணிகள் போனதும் கறுப்பு ராஜா டி8 கட்டத்தில் நிற்கிறது. இனிக் கோட்டை கட்ட (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்வில் இடம் மாற்றிக் காப்பது) முடியாது. சி வரிசையில் சிப்பாய்கள் ஒன்றன்பின் ஒன்றாக முடங்கிக் கிடக்கின்றன. மற்றக் காய்கள் எல்லாம் வெட்டுப்பட்டால் வெள்ளைக்கே வெற்றி வாய்ப்பு. கைம்மாறாக இருப்பது இரண்டு பிஷப்புகள் மட்டும். இந்தத் தடுப்பாட்டத்தை வைத்துத்தான் 2000இல் லண்டனில் கிராம்னிக், காஸ்பரோவிடமிருந்து உலகச் சாம்பியன் பட்டத்தைப் பறித்தார். 15 ஆட்டங்களில் 13 டிரா. காஸ்பரோவுக்கு ஒரு வெற்றிகூட இல்லை. 2013இல் சென்னையில் நடந்த உலகச் சாம்பியன் போட்டியில் ஆனந்துக்கு எதிராகக் கார்ல்சன் நான்காவது ஆட்டத்தில் ஆடியதும் பெர்லின்தான். 64 நகர்வுகள் போராடி டிரா ஆனது. உங்கள் உறவினரிடம் இதைச் சொல்லுங்கள்.

ஒரு சிப்பாய் குறைந்த பிறகும் உங்கள் மகள் பதறவில்லை. பிஷப்பை ஈ6இல் நிறுத்தி, ஈ5இல் இருந்த வெள்ளைச் சிப்பாயை அசையவிடாமல் கட்டிப்போட்டாள். ஈ6 வெள்ளைக் கட்டம். எதிராளியிடம் மிஞ்சியதோ கறுப்புக் கட்ட பிஷப். அந்தக் கட்டத்தை அதனால் எட்டவே முடியாது.

என்னை நெகிழவைத்தது தாளின் கடைசி வரி. ஒரே நிலை மூன்றாம் முறை வரப்போகிறது, டிரா கோரலாம் என்று கண்டதும், நகர்வை எழுதிவிட்டு, காயைத் தொடாமல் நடுவரை அழைத்திருக்கிறாள். காயைத் தொட்டிருந்தாலே அந்த முறை டிரா கோரும் உரிமை போயிருக்கும். பெரியவர்களே தவறவிடும் விதி இது. பேனாவை அழுத்தி எழுதியது நகலிலும் தெரிகிறது.

குறை ஒன்று உண்டு. ராஜா டி8இலேயே நின்றதால் யானைகள் இரண்டும் இணையவில்லை. 19ஆவது நகர்வில் சிப்பாய் போனது அதனால்தான். ராஜாவை சி8 வழியாக பி7க்குக் கொண்டுபோகும் திட்டத்தை, வரும் வாரம் முழுவதும் இதே ஆட்டத்தை வைத்தே பழகட்டும்.