பரம்பரையாக வந்த பழைய மடக்குக் கத்திகளை அடையாளம் காண்பது எப்படி?

பெரியப்பா சேர்த்து வைத்திருந்த மடக்குக் கத்திகள் ஒரு பெட்டி நிறைய உங்கள் கைக்கு வந்திருக்கின்றன. எது எந்தக் காலத்தியது என்று தெரியவில்லை, பாதி கறுத்துக் கிடக்கிறது, சிலது திறக்கவே வரவில்லை, பாலிஷ் போடலாமா, விற்றால் தேறுமா, ஒன்றிரண்டைப் புழங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பல வருடமாகப் பழைய கத்திகளைச் சேர்த்துக்கொண்டிருப்பவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

பாலிஷ் வேண்டாம். மற்றதை எல்லாம் மறந்தாலும் இதை மறக்காதீர்கள். பழைய கத்திகளில் பெரும்பாலானவை கார்பன் எஃகு. வெட்ட வெட்ட, கை பட்டுப் பட்டு, அது சாம்பல் நிறமாகி, அங்கங்கே நீலம் ஓடி ஒரு படலம் கட்டும். பாட்டினா என்று சொல்வார்கள். அது அழுக்கு இல்லை, செந்துரு ஏறுவதை ஓரளவு தடுக்கவும் செய்யும். உப்புத்தாளோ பாலிஷ் சக்கரமோ போட்டு அதை எடுத்தால், தொழிற்சாலையில் இழைத்தபோது விழுந்த மெல்லிய கோடுகளும் போய்விடும், முத்திரை எழுத்தும் மழுங்கிவிடும். விவரம் தெரிந்தவர்கள் கறுத்த கத்திக்குக் கொடுக்கும் விலையைத் தேய்த்துப் பளபளப்பாக்கிய கத்திக்குக் கொடுக்க மாட்டார்கள். செந்துரு வேறு கதை, அது விரலில் ஒட்டும், உலோகத்தை அரித்துக் குழி போடும், அதை மட்டும் எடுக்கலாம். ஒரு சொட்டு மினரல் ஆயில் விட்டு ஒரு நாள் ஊற வையுங்கள், பிறகு பல்குத்தும் குச்சியாலோ செம்புத் துண்டின் விளிம்பாலோ மெதுவாகச் சுரண்டுங்கள். திறக்காத கத்திக்கும் எண்ணெய்தான் வைத்தியம்: அலகு திரும்பும் ஆணியருகே விட்டு, காத்திருந்து, மறுபடி விட்டு முயலுங்கள். குறடு வைத்து இழுத்தால் நகம் வைக்கும் பள்ளத்தின் விளிம்பு உடைந்துபோகும். தண்ணீரில் ஊறப்போடவே கூடாது.

அப்புறம், எதையும் இடம் மாற்றுவதற்கு முன் பெட்டியை இருக்கிறபடியே படம் எடுத்துக்கொள்ளுங்கள். எது துணியில் சுற்றியிருந்தது, எது அடியில் கிடந்தது, எதனோடு ரசீதோ துண்டுச் சீட்டோ இருந்தது, எல்லாவற்றையும் குறித்து வையுங்கள். சேர்த்தவர் எதைத் தேடினார் என்பது அந்த அடுக்கில்தான் இருக்கிறது. ஒரே கம்பெனிக் கத்திகளா, ஒரே வடிவம் வெவ்வேறு பிடிகளிலா, இல்லை கண்ணில் பட்டதெல்லாமா? இது தெரிந்தால் பிறகு அடையாளம் காண்பது பாதி சுலபம்.

இனி முத்திரை. அலகை முழுக்கத் திறந்தால், கூர் தொடங்குவதற்கு முன், பிடியை ஒட்டி ஒரு தட்டையான துண்டு தெரியும். டாங் என்று பெயர். பேரும் ஊரும் எண்ணும் அங்கேதான் அடித்திருப்பார்கள். இரண்டு பக்கமும் பாருங்கள், எல்லா அலகுகளிலும் பாருங்கள், சின்ன அலகில் மட்டும் முத்திரை இருப்பதும் உண்டு. விளக்கை நேராக வைக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து, பூதக்கண்ணாடியில் பார்த்தால் தேய்ந்துபோன எழுத்தும் நிழலில் எழும்பி வரும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: அங்கிருக்கும் பெயர் செய்தவருடையதாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அமெரிக்காவில் பெரிய இரும்புச் சாமான் வியாபாரிகள் வேறு தொழிற்சாலைகளில் செய்யச் சொல்லித் தங்கள் பெயரை அடித்து விற்றார்கள். செயின்ட் லூயிஸின் சிம்மன்ஸ் ஹார்ட்வேர் தன் கீன் கட்டர் பெயரில் விற்றதும் அப்படித்தான். சோலிங்கன் என்று மட்டும் இருந்தால் அது ஜெர்மனியில் ஓர் ஊர், நூற்றுக்கணக்கான பட்டறைகள் இருந்த இடம், கூடவே இருக்கும் சின்னத்தைத்தான் பிடிக்க வேண்டும். இரட்டையர் உருவம் என்றால் ஹெங்கல்ஸ், 1731இலேயே பதிவான சின்னம். மரம் என்றால் போக்கர். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு என்றால், நட்சத்திரமும் மால்டாச் சிலுவையும் ஜோசப் ராட்ஜர்ஸ், ஐ எக்ஸ் எல் என்ற எழுத்துகள் ஜார்ஜ் வோஸ்டன்ஹோம்.

காலத்தைக் கண்டுபிடிப்பதுதான் எனக்கு இதில் ரொம்பப் பிடித்த பகுதி, ஏனென்றால் சின்னச் சின்ன விஷயங்கள்கூட ஆண்டைக் காட்டிக்கொடுத்துவிடும். அமெரிக்காவுக்கு இறக்குமதியாகும் பொருள்களில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று 1890இல் மெக்கின்லி சுங்கச் சட்டம் வந்தது, 1891 மார்ச்சிலிருந்து நடைமுறை. அதனால் ஷெஃபீல்டு என்ற ஊர்ப் பெயரோடு இங்கிலாந்து என்றும் சேர்ந்திருந்தால் பெரும்பாலும் அதற்குப் பிந்தையது. இல்லாவிட்டால் முந்தையதாக இருக்கலாம், ஆனால் வேறு நாட்டில் விற்றதாகவும் இருக்கலாம் என்பதால் இதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். கிரீடத்தின் இரு பக்கமும் வி, ஆர் என்ற எழுத்துகள் இருந்தால் விக்டோரியா ராணி காலம், அதாவது பெரும்பாலும் 1901க்கு முன். துருப்பிடிக்காத எஃகு என்று எழுதியிருந்தால் 1913க்கு முன் இருக்கவே முடியாது, ஹாரி பிரேர்லி ஷெஃபீல்டில் அதை உருக்கியதே அந்த வருடம்தான். மேற்கு ஜெர்மனி என்று இருந்தால் 1949க்கும் 1990க்கும் நடுவில்.

அமெரிக்காவின் கேஸ் கம்பெனிக் கத்திகள் இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம், ஏனென்றால் படிக்கத் தெரிந்தவருக்கு அந்தக் கத்தியே எல்லாவற்றையும் சொல்லிவிடும். கேஸ் எக்ஸ் எக்ஸ் என்று மட்டும் இருந்தால் 1940லிருந்து 1964 வரை. அடியில் யு எஸ் ஏ சேர்ந்தால் 1965 முதல் 1969. 1970இல் முத்திரைக்குக் கீழே பத்துப் புள்ளிகள் வைத்தார்கள், பிறகு வருடத்துக்கு ஒரு புள்ளியாகக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். ஏழு புள்ளி என்றால் 1973, ஒரே புள்ளி என்றால் 1979. 1980இல் எஸ் எழுத்தை மின்னல் போல வளைத்து மறுபடி பத்துப் புள்ளியிலிருந்து தொடங்கினார்கள். எண்ணும் சும்மா இல்லை. 6254 என்று இருந்தால் முதல் 6 பிடி எலும்பு என்பதைச் சொல்கிறது, 2 என்பது இரண்டு அலகு, 54 அந்த வடிவத்தின் எண், டிராப்பர் என்று அழைக்கும் மாதிரி. பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்து புள்ளிகளை எண்ணி, இது 1976 என்று சொல்ல முடிகிற அந்த நிமிடம் இருக்கிறதே, அதற்காகவே இவற்றைச் சேர்க்கலாம்.

மற்றவை சுருக்கமாக. ரெமிங்டன் துப்பாக்கிக் கம்பெனி 1920லிருந்து 1940 வரை கத்தி செய்தது. பிடியில் தோட்டா வடிவத் தகடு பதித்தவைக்குக் கிராக்கி அதிகம், ஆனால் 1982லிருந்து அதே பாணியில் மறுபதிப்புகள் வந்திருப்பதால் கவனமாகப் பாருங்கள். பிரான்ஸின் ஓப்பினெல் மரப்பிடிக் கத்தியில் கழுத்தைச் சுற்றித் திருகும் வளையம் 1955இல்தான் வந்தது. வளையம் இல்லை என்றதும் பழையது என்று குதித்துவிடாதீர்கள், சின்ன அளவுகளில் இன்றும் வளையம் கிடையாது. சுவிஸ் கத்தியில் விக்டோரினாக்ஸ் என்ற பெயர் 1921க்குப் பிறகு வந்தது. சுவிஸ் ராணுவ வீரர்களுக்குக் கொடுத்த அலுமினியப் பிடிக் கத்திகளில் வருடத்தின் கடைசி இரண்டு இலக்கங்களை டாங்கிலேயே அடித்திருப்பார்கள்.

பிடியைப் பார்க்கும்போது கொஞ்சம் அவசரம் தேவை, காரணம் செல்லுலாய்டு. நைட்ரோசெல்லுலோஸும் கற்பூரமும் கலந்து செய்த பழைய பிளாஸ்டிக் அது. முத்துச்சிப்பி போல, ஆமை ஓடு போல, மிட்டாய்க் கோடுகள் போலப் பல நிறங்களில் அழகாக இருக்கும். வயதானால் சிதைய ஆரம்பித்து ஒரு வாயுவை வெளியே விடும், காற்றின் ஈரத்தோடு சேர்ந்தால் அது நைட்ரிக் அமிலம். மூடிய பெட்டிக்குள் அப்படி ஒரே ஒரு கத்தி இருந்தால் போதும், பக்கத்தில் இருக்கும் நல்ல கத்திகளின் எஃகு துருப்பிடிக்கும், பித்தளை பச்சைக் களிம்பு பிடிக்கும், அழுகிய பழம் கூடையைக் கெடுப்பது போலத்தான். பெட்டியைத் திறந்ததும் கற்பூர வாசனையோ காட்டமான புளித்த நெடியோ வந்தால், பிடியில் மயிரிழை வெடிப்புகள் தெரிந்தால், குறிப்பாக அந்தப் பிடியை ஒட்டிய இடத்தில் மட்டும் அலகு துருப்பிடித்திருந்தால், இன்றைக்கே பிரித்துக் காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். என்ன பொருள் என்று அறியச் சூடான ஊசியால் குத்திப் பார்க்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து செய்யாதீர்கள், செல்லுலாய்டு சட்டென்று தீப்பிடிக்கும்.

எலும்பை அடையாளம் காண்பது எளிது. பிடியின் ஓரத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் ஊசி முனை போலச் சின்னச் சின்னத் துளைகள் தெரியும், ரத்தக் குழாய்கள் ஓடிய இடம். 1960 வாக்கில் வந்த டெல்ரின் பிளாஸ்டிக் எலும்பை நன்றாக நகல் செய்தாலும் அந்தத் துளைகள் இருக்காது. மான் கொம்பில் இயற்கையான வரப்புகள், ஒன்று போல் இன்னொன்று இருக்காது. முத்துச்சிப்பி கையில் சில்லென்று இருக்கும். தந்தம், ஆமை ஓடு போலத் தெரிந்தால் விற்பதற்கோ நாடு விட்டு நாடு அனுப்புவதற்கோ முன் சட்டத்தைப் பாருங்கள். அழியும் ஆபத்தில் இருக்கும் உயிரினங்களின் சர்வதேச வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் ஆப்பிரிக்க யானையும் 1989இல் சேர்ந்துவிட்டது, நாட்டுக்கு நாடு விதி மாறும்.

இவ்வளவும் தெரிந்த பிறகும், ஒரு கத்தியை ரசிக்க அது எந்த வேலைக்கு என்று தெரிய வேண்டும். ஸ்டாக்மேன் என்ற மூன்று அலகுக் கத்தியை எடுத்துக்கொள்ளுங்கள், கால்நடை வளர்ப்பவர்களுக்கானது. முனை கூர்ந்த பெரிய அலகு பொது வேலைக்கு. நேர்க்கோடாகக் கூர் ஓடும் அலகு குளம்பைச் சீவ. முனை மழுங்கி உருண்டிருக்கும் மூன்றாவது, ஸ்பே, காயடிக்க, மிருகம் துள்ளினாலும் முனை குத்திவிடக் கூடாது என்பதற்காக அந்த வடிவம். என்னிடம் இருக்கும் ஒரு ஸ்டாக்மேனில் பெரிய அலகு தீட்டித் தீட்டிப் பாதியாக ஒடுங்கிப்போய், முனை பிடிக்குள் புதைந்து நிற்கிறது. ஸ்பே அலகில் மட்டும் தொழிற்சாலைக் கோடுகள் அப்படியே இருக்கின்றன. அதை வைத்திருந்தவர் ஒரு மாட்டையும் தொட்டதில்லை, கயிறும் காகிதமும் ஆப்பிளும்தான் வெட்டியிருப்பார். பிடியின் ஒரு பக்கத்தில் கட்டைவிரல் அழுந்திய இடத்தில் எலும்பின் செதுக்கல் வழுவழுப்பாகத் தேய்ந்திருக்கிறது. விலையில் அது குறைதான், எனக்கு அதைவிடப் பிடித்த கத்தி கிடையாது. உங்கள் பெட்டியிலும் அப்படி ஒன்று நிச்சயம் இருக்கும், பெரியப்பா சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரிந்த கத்தி. முதலில் அதைக் கண்டுபிடித்துத் தனியாக எடுத்து வைத்துவிட்டுத்தான் விற்பதைப் பற்றி யோசிக்க வேண்டும் என்பேன்.

விற்பது என்று வந்தால், அலகு எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. கத்தியை மூடி ஓரத்திலிருந்து பாருங்கள், அதே மாதிரியின் தேயாத கத்தியின் படத்தோடு ஒப்பிடுங்கள். பிறகு மூடும்போது ஸ்பிரிங் டக்கென்று இழுக்கிறதா, திறந்த அலகு பக்கவாட்டில் ஆடுகிறதா, பிடியில் வெடிப்பு உண்டா என்று பாருங்கள். போலியும் உண்டு: அலகு தேய்ந்து ஒடுங்கியிருக்கும், முத்திரை மட்டும் நேற்று அடித்தது போலக் கூர்மையாக இருக்கும், ஆணித் தலைகள் புதுசாக மின்னும். அப்படிப் பார்த்தால் சந்தேகப்படுங்கள். ஒவ்வொன்றுக்கும் முத்திரை, நீளம், பிடி, குறை எழுதி ஒரு பட்டியல் போடும்வரை யாரையும் பெட்டிக்குள் கை விட்டுப் பொறுக்க விடாதீர்கள். நல்லதை எடுத்துக்கொண்டு மீதியைத் தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள்.

பத்திரப்படுத்துவதில் ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. தோல் உறைக்குள் வைத்தால் பாதுகாப்பு என்று நினைப்பார்கள், தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும், பதனிட்ட ரசாயனமும் எஃகைக் கடிக்கும். உறையைத் தனியாக, கத்தியைத் தனியாக வையுங்கள், அலகில் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு போதும், சில மாதங்களுக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

புழங்கலாமா என்றால், தாராளமாக. ஏற்கெனவே தீட்டித் தேய்ந்தவற்றில் ஒன்றை எடுங்கள், தீட்டாத அலகுள்ளவற்றை அப்படியே விடுங்கள், ஒரே ஒரு தீட்டலிலேயே அவற்றின் மதிப்பு இறங்கிவிடும். சக்கரச் சாணை வேண்டாம், தண்ணீரோ எண்ணெயோ விட்ட சாணைக்கல்லில் கையால் மெதுவாகத் தீட்டுங்கள். பழம் வெட்டினால் உடனே துடைத்து உலர்த்துங்கள், வெளியே எடுத்துப் போகும் முன் உங்கள் ஊர்ச் சட்டம் எவ்வளவு நீள அலகை அனுமதிக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.