காருடன் வந்த டயர் விரைவில் தேய்ந்தால் யார் பொறுப்பு?

கேள்வி: என் சிறிய செடான் காருடன் வந்த டயர்களில் முன்பக்கத்து இரண்டும் 22,000 கிலோமீட்டரிலேயே உள்விளிம்பில் நூல் தெரியுமளவு தேய்ந்துவிட்டன. டயருக்குக் கார் வாரண்டி பொருந்தாது என்றும், வேறு பிராண்டு மாட்டினால் காரின் வாரண்டியே போய்விடும் என்றும் விற்பனையாளர் கூறுகிறார். அளவு 195/65 ஆர்15 91எச். சற்று அகலமான டயர் மாட்டலாமா?

பதில்: டயருக்கான வாரண்டியைப் பெரும்பாலும் டயர் நிறுவனம்தான் தனியாகத் தருகிறது, வழக்கமான தேய்மானம் அதில் அடங்குவதும் இல்லை. அந்த அளவில் விற்பனையாளர் சொல்வது சரி. ஆனால் இரண்டு டயர்களும் உள்விளிம்பில் மட்டும் ஒரே மாதிரி தேய்ந்திருப்பது, டயரின் குறையைவிடச் சக்கரக் கோணத்தின் அல்லது சஸ்பென்ஷனின் குறையையே சுட்டுகிறது. அது வண்டியின் குறை என்று நிறுவப்பட்டால், டயரை விலக்கும் நிபந்தனையைக் காட்டி நிறுவனம் எளிதில் ஒதுங்கிவிட முடியாது. விற்ற பொருள் அதன் பயனுக்கு ஏற்றதாக இருக்கவேண்டும் என்ற உட்கிடையான நிபந்தனை, பிரிட்டனின் 1893ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தில் இருந்தது, அதை அடியொற்றிய 1930ஆம் ஆண்டு இந்தியச் சட்டத்திலும் உண்டு. பள்ளத்தில் இறங்கியதால் கோணம் மாறியது என்றோ, சர்வீஸைத் தவறவிட்டீர்கள் என்றோ எதிர்த்தரப்பு வாதிடும் என்பதால், சர்வீஸ் ரசீதுகள் அனைத்தும் உங்கள் கையில் இருக்கட்டும்.

இங்கே பலரும் செய்யும் பிழை, புது டயர் மாட்டியவுடன் பழையதைக் கடையிலேயே விட்டுவருவது. வழக்கின் முதல் சாட்சியே அந்தப் பழைய டயர்தான். கழற்றுவதற்கு முன், கிலோமீட்டர் மீட்டரும் தேய்ந்த விளிம்பும் பக்கச்சுவரின் எண்களும் தெளிவாகத் தெரியப் படமெடுங்கள். பிறகு அலைன்மென்ட் (சக்கரக் கோண) அளவுகளை, திருத்துவதற்கு முன் ஒன்றும் பின் ஒன்றுமாக, அச்சிட்டு வாங்குங்கள். திருத்திய பின் எடுத்த அளவு மட்டும் இருந்தால், குறை இருந்ததற்கே ஆதாரம் இராது. இதற்காக நூல் தெரியும் டயரில் தொடர்ந்து ஓட்டிவிடாதீர்கள், வரிப்பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்த டயரைப் பல நாடுகளின் சட்டம் அனுமதிப்பதில்லை, விபத்து நேர்ந்தால் அலட்சியப் பழியும் உங்கள்மீது விழும்.

பிராண்டு பற்றிய மிரட்டலை எழுத்தில் தரச் சொல்லுங்கள், பெரும்பாலும் தரமாட்டார்கள். குறிப்பிட்ட பிராண்டை வாங்கினால்தான் வாரண்டி என்று கட்டாயப்படுத்துவதை அமெரிக்கா 1975ஆம் ஆண்டுச் சட்டத்தால் பொதுவாகத் தடைசெய்திருக்கிறது. மற்ற இடங்களில் வாரண்டிப் புத்தகத்தின் சொற்களைப் பொறுத்தே முடிவு அமையும்.

அளவை மாற்றுவது வேறு விஷயம். அகலம் 195 மில்லிமீட்டருக்குப் பதில் 205 ஆக உள்ள 205/65 ஆர்15 மாட்டினால் டயரின் விட்டம் சுமார் 2 சதவீதம் கூடுகிறது. சுமைக் குறியீடு 91 என்பது ஒரு டயருக்கு 615 கிலோ, எச் என்பது மணிக்கு 210 கிலோமீட்டர். இவற்றுக்குக் குறைந்ததை மாட்டிவிட்டுக் காப்பீடு கோரினால் தகராறு எழ வாய்ப்புண்டு. எனவே ஓட்டுநர் கதவருகே ஒட்டியுள்ள அட்டையிலோ கையேட்டிலோ அனுமதித்துள்ள அளவிலேயே நில்லுங்கள். பக்கச்சுவரில் தயாரிப்பு வாரத்தையும் ஆண்டையும் காட்டும் நான்கு இலக்க எண்ணையும் ரசீதில் எழுதி வாங்குங்கள்.

வாய்மொழிப் புகாரை பின்னர் மெய்ப்பிப்பது கடினம். கார் நிறுவனத்துக்கும் விற்பனையாளருக்கும் வாரண்டிக் காலம் முடிவதற்குள், படங்களையும் அலைன்மென்ட் அளவுகளையும் இணைத்து, ஒப்புகையுடன் கூடிய கடிதமாகவே அனுப்புங்கள்.